தங்கத்துக்குள் எவ்வளவு தங்கம்?

நம்மூர்களில் நகையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, “எத்தனை பவுண்?” என்பதுதான். கல்யாணப் பேச்சிலும் அதுதான், அடகு வைக்கும் இடத்திலும் அதுதான். “எத்தனை காரட்?” என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், “இருபத்திரண்டுதானே, எல்லாரும் செய்யிற மாதிரி” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பவுண் என்பது நிறை. அந்த நிறைக்குள் தங்கம் எத்தனை பங்கு என்பதைச் சொல்வது காரட். இரண்டும் தெரிந்தால்தான் கையிலிருக்கும் சொத்து எவ்வளவென்று தெரியும்.

நான் இரசாயனவியல் படிப்பித்த காலத்திலும் ஓய்வுபெற்ற பிறகும் நகையின் தரம் பற்றி என்னிடம் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெளிநாட்டில் உழைத்த காசில் வாங்கிய காப்பு, மஹராகக் கிடைத்த மாலை, உம்மா கழற்றிக் கொடுத்த பதக்கம் என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். வீடு வளவுக்கு அடுத்தபடியாக ஒரு பெண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் சொத்து பெரும்பாலும் அதுதான். ஆனால் அதன் பெறுமதியைக் கடைக்காரர் சொல்லியோ, அடகு பிடிப்பவர் சொல்லியோதான் அவர்கள் அறிகிறார்கள். உண்மையில் இது அவர்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். அந்தக் கணக்கையும் அதற்குப் பின்னால் உள்ள விஞ்ஞானத்தையும் இங்கே சொல்ல முயல்கிறேன்.

பவுண் வந்த வழி

நாம் சொல்லும் பவுண், பிரித்தானியப் பொன் நாணயத்திலிருந்து வந்தது. 1817இல் வெளிவரத் தொடங்கிய ‘சொவரின்’ என்ற நாணயத்தின் முகப்பெறுமதி ஒரு பவுண் ஸ்டேர்லிங். அதன் நிறை 7.988 கிராம். அதையே நகை வியாபாரம் 8 கிராம் என்று முழுமையாக்கிக்கொண்டது.

அந்த நாணயம் தூய தங்கத்தால் செய்யப்பட்டதல்ல. 24 பங்கில் 22 பங்குதான் தங்கம். மற்ற 2 பங்கும் பிரதானமாகச் செம்பு. கைமாறிக் கைமாறித் தேயாமல் இருக்க அந்தக் கலப்பு தேவைப்பட்டது. ஆக, ஒரு சொவரினுக்குள் இருந்த தூய தங்கம் 7.322 கிராம். அந்தக் காலத்தில் ‘ஒரு பவுண்’ என்று சொன்னால் நிறையும் தரமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தன. இன்று அச்சொல்லில் நிறை மாத்திரமே மிஞ்சியிருக்கிறது. 24 காரட்டிலும் ஒரு பவுண் உண்டு, 18 காரட்டிலும் ஒரு பவுண் உண்டு. உள்ளே உள்ள தங்கம் மட்டும் இப்படி மாறும்:

24 காரட் ஒரு பவுண்: 8 கிராம் தூய தங்கம்
22 காரட் ஒரு பவுண்: 7.33 கிராம்
21 காரட் ஒரு பவுண்: 7 கிராம்
18 காரட் ஒரு பவுண்: 6 கிராம்

இதற்கு ஓர் இலகுவான சூத்திரம் உண்டு. பவுண் எட்டுக் கிராம்; முழுத் தூய்மை 24 காரட். எட்டை 24ஆல் வகுத்தால் மூன்றிலொன்று. ஆகவே பவுணைக் காரட்டால் பெருக்கி மூன்றால் வகுத்தால், உள்ளே இருக்கும் தூய தங்கம் கிராமில் வந்துவிடும். 10 பவுண் 22 காரட் நகையென்றால், 10 × 22 = 220; அதை மூன்றால் வகுக்க 73.33 கிராம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையின் மிச்சக் கணக்கெல்லாம் தானாக வரும்.

தங்கத்தின் இயல்பு

தங்கத்தின் அணுவெண் 79. ஒரு கனசென்ரிமீற்றர் தங்கம் 19.3 கிராம் நிறைகொண்டது. அதே பருமனுள்ள வெள்ளி 10.5 கிராம்; செம்பு ஏறத்தாழ 9 கிராம். உள்ளங்கையில் வைத்தவுடனே தங்கம் ‘கனக்கிறது’ என்று நாம் உணர்வது இதனால்தான். அது 1064 பாகை செல்சியஸில் உருகும்.

இழுத்தால் நீளும், அடித்தால் விரியும். இந்த இரண்டிலும் தங்கத்தை மிஞ்சும் உலோகம் இல்லை. ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் பரப்புக்குத் தகடாக அடிக்கலாம். இரண்டு கிலோமீற்றருக்கு மேல் கம்பியாக இழுக்கலாம். 

அதன் மஞ்சள் நிறத்துக்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. பெரும்பாலான உலோகங்கள் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோதான் இருக்கும். தங்க அணுவின் கருவில் 79 புரோத்தன்கள் இருப்பதால், அவற்றின் இழுவையில் உள்ளே சுற்றும் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்குகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை செயற்படத் தொடங்குகிறது. இலத்திரன்களின் சக்தி மட்டங்கள் சற்று இடம்மாறி, தங்கம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. மீதி ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளியிலோ இந்த உறிஞ்சல் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்ப் பகுதியில் நடக்கிறது. அதனால் அது வெள்ளையாகவே இருக்கிறது.

ஒட்சிசன், நீர், வியர்வை, தனித்தனியான சாதாரண அமிலங்கள் எதுவும் தூய தங்கத்தை ஒன்றும் செய்யாது. நைத்திரிக்கமிலத்தையும் ஐதரோக்குளோரிக்கமிலத்தையும் சேர்த்துக் கலக்கும் இராச திராவகத்தில் அது கரையும். காற்றோடு சேர்ந்த சயனைட்டுக் கரைசலிலும் கரையும். சுரங்கங்களில் பாறையிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்க இதையே பயன்படுத்துகிறார்கள். வீட்டில் கவனிக்க வேண்டியது இரசம். காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானி உடைந்து இரசம் சிந்தினால், மோதிரம் போட்ட கையால் அதைத் தொடவே வேண்டாம். தங்கம் இரசத்தோடு உடனே கலந்து வெள்ளையாகிவிடும். 

“சேர், தங்கம் கறுத்துப் போச்சு, அப்ப அது கள்ளத் தங்கமா?” என்று கேட்பார்கள். கறுப்பது தங்கமல்ல. கூடவிருக்கும் வெள்ளியும் செம்பும் காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு தாக்கமுற்றுக் கறுக்கின்றன. காரட் குறையக் குறைய இது கூடும். 22 காரட் நகை அதிகம் கறுப்பதாகக் கண்டால் தரத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் கறுப்பு மட்டுமே மோசடிக்குச் சான்றாகாது.

ஏன் கலக்கிறார்கள்?

தூய தங்கம் மிகவும் மென்மையானது. கடினத்தன்மையை அளக்கும் மோவின் அளவுத்திட்டத்தில் அதன் இடம் 2.5, நம் விரல் நகத்தின் கடினம் அதைச் சுற்றித்தான். 24 காரட்டில் ஒரு காப்புச் செய்தால் சில மாதங்களில் வளைந்துவிடும். கல் பதித்தால் கல் கழன்றுவிடும். எனவே கலப்பது என்றாலே களவு என்று நினைக்கக் கூடாது. கலப்பு ஒரு தொழில் தேவை. சொன்ன அளவுக்கு மேல் கலப்பதுதான் களவு.

கலந்தால் ஏன் கடினமாகிறது? தங்கத்தின் அணுக்கள் ஒரே அளவாக அடுக்கடுக்காக இருக்கின்றன. நெருக்கினால் ஓர் அடுக்கு மற்றதன்மேல் இலகுவாக வழுக்கும். செம்பின் அணு தங்கத்தின் அணுவைவிடச் சிறியது. அது இடையில் புகுந்ததும் அடுக்கின் ஒழுங்கு கோணலாகி, வழுக்குவது தடைப்படுகிறது. வெள்ளி அணுவின் அளவு தங்கத்தின் அளவோடு ஏறத்தாழச் சமம். அதனால் வெள்ளி மட்டும் சேர்த்தால் நகை அவ்வளவு கடினமாகாது.

நிறமும் இந்த இரண்டின் விகிதத்தைப் பொறுத்ததே. எனக்குத் தெரிந்த ஒரு முதிய பத்தர் இதை ஒரே மூச்சில் சொல்லுவார்: “வெள்ளி கூடினா வெளிறும், செம்பு கூடினா சிவக்கும். கண்ணுக்குப் பிடிச்ச மஞ்சளுக்கு ரெண்டும் வேணும்.” தென்னாபிரிக்காவின் குரூகர்ராண்ட் என்ற பொன் நாணயம் 22 காரட். அதில் சேர்ந்திருப்பது செம்பு மட்டும் என்பதால் சற்றுச் சிவந்து தெரியும். அதே 22 காரட்டில் வெள்ளியும் சேர்ந்த நகை மஞ்சளாக இருக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்துக் காரட்டைச் சொல்ல முடியாது. “நல்லா மஞ்சளா இரிக்கி, நல்ல தங்கம்” என்று நம் உம்மாமார் சொல்வது பாதிதான் சரி.

வெள்ளைத் தங்கம் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கத்தோடு பல்லேடியம் அல்லது நிக்கல் சேர்த்து நிறத்தை மாற்றி, மேலே ரோடியம் என்ற உலோகத்தைப் பூசி விற்கிறார்கள். நிக்கல் சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். சில இளைஞர்கள் இதைப் பிளாட்டினம் என்றோ வெள்ளி என்றோ நினைத்து மோதிரமாக அணிகிறார்கள். 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் நான்கில் மூன்று பங்கு தங்கமே. நிறம் வெளுத்ததால் அது வேறு உலோகமாகிவிடுவதில்லை. ஆண்கள் தங்கம் அணிவது பற்றிய மார்க்க விதியைப் பேணுபவர்கள் வாங்குமுன் உட்புறத்தில் 750 அல்லது 585 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த எண் ஆயிரத்தில் தங்கம் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும். 916 என்றால் 22 காரட்; 875 என்றால் 21; 750 என்றால் 18; 585 என்றால் 14. வெள்ளி நகையில் 925 என்று இருப்பதும் ஆயிரத்தில் பங்குதான். ஆனால் அது வெள்ளியின் பங்கு. 

இருபத்துநான்கு ஏன்?

நூறு என்றோ ஆயிரம் என்றோ வைக்காமல் தூய்மைக்கு 24 என்று ஏன் வைத்தார்கள்? விடை ஒரு நாணயத்தில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கொன்ஸ்டன்டைன் அறிமுகப்படுத்திய ‘சொலிடஸ்’ என்ற பொன் நாணயம் ஏறத்தாழ 4.5 கிராம் நிறையுடையது. அதை 24 சிறு நிறைகளாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். அந்தச் சிறு நிறைக்குக் கிரேக்கத்தில் ‘கெராத்தியோன்’ என்று பெயர். கரோப் மரத்தின் விதையைக் குறிக்கும் சொல் அது. அரபியில் அது ‘கீராத்’ ஆனது. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போய்க் ‘காரட்’ ஆனது. நாம் மஞ்சாடியையும் குன்றிமணியையும் வைத்து நிறுத்ததைப் போலத்தான் அவர்களும் விதையை வைத்து நிறுத்தார்கள்.

இந்த நாணயத்துக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியா வணிகர் எழுதிய நூலில் இலங்கை பற்றி ஒரு கதை வருகிறது. சோபட்ரோஸ் என்ற வணிகரும் ஒரு பாரசீகரும் இந்நாட்டு மன்னனின் அவைக்குப் போகிறார்கள். யாருடைய அரசன் பெரியவன் என்று மன்னன் கேட்கிறான். பாரசீகர் தன் அரசனைப் புகழ்கிறார். சோபட்ரோஸோ இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாணயங்களைக் காட்டுகிறார். ஒரு பக்கம் ரோமரின் பொன் நாணயம், மறுபக்கம் பாரசீகரின் வெள்ளி நாணயம். மன்னன் இரண்டையும் புரட்டிப் பார்த்துப் பொன்னின் பக்கம் தீர்ப்புச் சொல்கிறான். கதை எவ்வளவு உண்மையோ, இந்து சமுத்திர வணிகத்தில் ஓர் அரசின் மதிப்பை அதன் நாணயத்தின் தரம் சொன்னது என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டில் புழங்கிய தீனார் இந்தச் சொலிடஸ் நாணயமே. ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696–97இல், கலீபா அப்துல் மலிக் பின் மர்வான் உருவப்படங்கள் இல்லாத, அரபு எழுத்துக்கள் மாத்திரம் பொறித்த தீனாரை வெளியிட்டார். அதன் நிறை 4.25 கிராம். தங்கத்துக்கான ஸகாத்தின் நிஸாபாகிய 20 தீனாரை இன்று பலர் 85 கிராம் என்று சொல்வது இந்த 4.25ஐ 20ஆல் பெருக்கி வந்த கணக்குத்தான்.

தரத்தை அறியும் வழிகள்

மிகப் பழைய வழி உரைகல். கறுத்த, வழவழப்பான கல்லில் நகையை உரசி ஒரு கோடு போடுவார்கள். பக்கத்தில் தரம் தெரிந்த ஓர் ஆணியால் இன்னொரு கோடு போடுவார்கள். இரண்டின் மேலும் அமிலத்தைத் தடவினால், தரம் குறைந்த கோடு வேகமாக மங்கும். தமிழில் தங்கத்தின் தரத்துக்கு ‘மாற்று’ என்று பெயர். மிகத் தூயதைப் பத்தரை மாற்று என்பது வழக்கு. பழகிய பத்தரின் கண் இதில் நன்றாகவே தேறும். ஆனால் கல்லில் படிவது மேற்பரப்பு மட்டும். “மேல் தோலைத்தான் கல்லு சொல்லும் சேர். உள்ளுக்க என்ன கிடக்கெண்டு அதுக்குத் தெரியாது” என்று அதே பத்தர் சொல்லியிருக்கிறார். 

இன்று பெரிய கடைகளில் எக்ஸ்-கதிர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நகையைச் சேதப்படுத்தாமல் ஒரு நிமிடத்துக்குள் தங்கம், வெள்ளி, செம்பு எத்தனை வீதம் என்று திரையில் காட்டிவிடும். அதற்கும் உரைகல்லின் குறை உண்டு. அக்கதிர் தங்கத்துக்குள் மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அளவுக்குத்தான் உட்சென்று விபரம் கொண்டுவரும். தடித்த முலாம் பூசிய நகை இயந்திரத்தையும் ஏமாற்றும். ஆகவே ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமல் கொக்கி, வளையம், ஒட்டு என்று இரண்டு மூன்று இடங்களில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

உள்ளே இருப்பதை முழுமையாகச் சொல்வது நெருப்பு. நகையிலிருந்து சிறு துண்டை வெட்டி, நிறுத்து, அதோடு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் இடுவார்கள். ஈயமும் செம்பும் ஒட்சைட்டாகிக் கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு மணி. அதைத் தட்டையாக்கி நைத்திரிக்கமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துவிடும். தங்கம் மட்டும் நிற்கும். அதை மீண்டும் நிறுத்தால் பங்கு தெரிந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு இம்முறை விடை தரும். பத்தாம் நூற்றாண்டில் யெமன் நாட்டு அறிஞர் அல்ஹம்தானி தங்கம், வெள்ளி பற்றி எழுதிய தனி நூலில் தங்கத்தைச் சுத்திகரிப்பதும் நாணயசாலை வேலைகளும் விரிவாகப் பேசப்படுகின்றன. சந்தைகளைக் கண்காணித்த முஹ்தஸிப்களுக்காக எழுதப்பட்ட ஹிஸ்பா நூல்களிலும் பொற்கொல்லர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. தரம் பார்ப்பதைக் கடைக்காரரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது அன்றே தெரிந்திருந்த விடயம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. அது அடர்த்தி. ஆர்க்கிமிடீஸின் பெயரோடு வழங்கும் இந்தத் தத்துவத்தை அல்பீரூனி பல உலோகங்களிலும் மணிகளிலும் அளந்து பார்த்தார். 1121இல் அல்காஸினி எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’ நீரில் நிறுக்கும் தராசை விளக்கி, தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதை உருக்காமலே கண்டுபிடிக்கும் கணக்கைத் தந்தது. இன்று அதற்கு 0.01 கிராம் வரை காட்டும் ஒரு டிஜிட்டல் தராசு போதும்.

நகையை முதலில் தராசில் நிறுங்கள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, கோப்பையின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுதாக அமிழும்படி தொங்க விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நகையின் நிறையை வகுத்தால் அடர்த்தி வரும். 22 காரட்டுக்கு அது 17.6க்கும் 18.0க்கும் இடையில் வர வேண்டும். 18 காரட் மஞ்சள் தங்கத்துக்கு ஏறத்தாழ 15.5 வரும். 48 கிராம் நிறையுள்ள ஆறு காப்புகளை இப்படித் தொங்கவிட்டால், 22 காரட்டென்றால் தராசு 2.7 கிராம் அளவில் காட்டும். 18 காரட்டென்றால் 3.1. கல் வைத்த நகைக்கும், உள்ளே அரக்கு நிரப்பிய நகைக்கும், காற்றுத் தங்கும் குழாய் நகைக்கும் இது சரிவராது. சிறு தோடு, மூக்குத்திக்கும் பிழை கூடுதலாக வரும். தங்குதன் என்ற உலோகத்தின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்திக்கு மிக நெருங்கியது என்பதால், கட்டித் தங்கம் வாங்குவோர் இதை மட்டும் நம்பக் கூடாது.

ஒட்டுக்குள் ஒளிவது

நகை ஒரே துண்டாகச் செய்யப்படுவதில்லை. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஓர் ஒட்டு. ஒட்டும் பொடி நகைக்கு முன்பாகவே உருக வேண்டும். இல்லாவிட்டால் நகையும் சேர்ந்து உருகிவிடும். அதற்காகப் பொடியில் செம்பு, வெள்ளி, நாகம் போன்றவற்றைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஆகவே பொடியின் மாற்று பொதுவாக நகையின் மாற்றைவிடக் குறைவு. கண்ணிகள் நிறைந்த சங்கிலியை உருக்கினால் தரம் சற்றே இறங்குவது இதனால்தான்.

இதைத் தவிர்க்க வந்தது ‘கேடிஎம்’. 92 வீதம் தங்கமும் 8 வீதம் கட்மியமும் சேர்த்த ஒட்டு அது. உருகுநிலையும் குறைந்தது, மாற்றும் குறையவில்லை. ஆனால் கட்மியம் 767 பாகையிலேயே ஆவியாகும். அந்தப் புகை பத்தரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கட்மியம் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென உறுதியாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. ‘கேடிஎம்’ என்ற எழுத்தைத் தரத்தின் அடையாளமாக இன்னும் சிலர் நம்புகிறார்கள். அது ஒட்டிய முறையின் பெயர்தானே ஒழிய, காரட்டுக்கான உத்தரவாதம் அல்ல. 

குறை எவ்வளவு பெரிது?

“ரெண்டு காரட் கூடக் குறைய இருந்தா என்ன?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நமது சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 22 காரட் என்று விற்ற 10 பவுண் நகை உண்மையில் 20 காரட்டென்றால் உள்ளே இருப்பது 66.67 கிராம், இருக்க வேண்டியது 73.33. குறைவது 6.67 கிராம் தூய தங்கம். 22 காரட் கணக்கில் அது ஏறத்தாழ முக்காலே அரைக்கால் பவுணுக்கும் மேல். பத்துப் பவுணுக்குக் காசு கொடுத்து ஒன்பது பவுண் சொச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் நகையில் மோசடி இல்லாமலே இது நடக்கும். அங்கே பல நாடுகளில் 21 காரட் நகை பரவலாக விற்பனையாகிறது. 875 என்ற முத்திரையோடு நேர்மையாகவே விற்கிறார்கள். இங்கே கொண்டுவந்து 22 காரட் என்ற நினைப்பில் மாற்றப் போகும்போது, கடைக்காரர் விலையைக் குறைத்தால் ஏமாற்றுகிறார் என்று சண்டை வருகிறது. 21 காரட் 11 பவுண், தங்கத்தின் அளவில் 22 காரட் பத்தரைப் பவுணுக்குச் சமம். அதற்கு மேல் குறைத்தால்தான் காரணம் கேட்க வேண்டும்.

ஸகாத் கணக்கும் மாற்றும்

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பணி. நான் சொல்லக்கூடியது கணக்கு மட்டும். அணியும் நகைக்கு ஸகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஸகாத் கடமையாகும் தங்கம் என்று வைத்துக்கொண்டால் அடுத்த கேள்வி, மொத்த நிறையைப் பார்ப்பதா, தூய தங்கத்தைப் பார்ப்பதா என்பது. ஷாபிஈ மத்ஹபில் கலப்புக் கழிந்த தூய தங்கம் நிஸாபை அடைய வேண்டும். ஹனபி மத்ஹபில் தங்கம் மிகைத்திருந்தால் முழுவதும் தங்கமாகவே கணிக்கப்படும்.

85 கிராமை நிஸாபாகக் கொண்டால், தூய தங்கத்தின்படி அது 24 காரட்டில் 10.63 பவுண், 22 காரட்டில் 11.59 பவுண், 21 காரட்டில் 12.14 பவுண், 18 காரட்டில் 14.17 பவுண். ஏழரைத் தோலாக் கணக்கில் 87.48 கிராம் என்று கொள்பவர்களுக்கு இவை சற்றுக் கூடும். ஒரு பெண்ணிடம் 22 காரட்டில் 11 பவுண் இருக்கிறதென்று வையுங்கள். மொத்த நிறை 88 கிராம், நிஸாபைத் தாண்டுகிறது. தூய தங்கம் 80.67 கிராம், தாண்டவில்லை. “பதினொரு பவுண் இருந்தா ஸகாத்” என்று பொதுவாகச் சொல்லப்படுவதைக் கேட்டு முடிவெடுக்காமல், காரட்டையும் எழுதிக்கொண்டு போய் ஆலிமிடம் கேட்டால் அவருக்கும் பதில் சொல்வது இலகு.

கலந்ததைக் கலந்தபடியே விலைபேசுவதிலுள்ள சிக்கலுக்கு ஹதீஸிலும் ஒரு சம்பவம் உண்டு. பழாலா பின் உபைத் (ரழி) அவர்கள் கைபர் தினத்தில் பொன்னும் மணிகளும் கோத்த ஒரு மாலையைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது பொன் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு மேல் இருந்தது. பிரித்துப் பார்க்காமல் அப்படி விற்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

பழைய நகையைக் கொடுத்துப் புதியதை எடுக்கும்போது, முதலில் பழையதை விற்றுக் காசைக் கையில் வாங்கி, பிறகு புதியதைத் தனியாக வாங்குங்கள் என்று ஆலிம்கள் சொல்வதன் உலகியல் நன்மையும் இதுதான். இரண்டையும் ஒரே சிட்டையில் போட்டால் பழைய நகைக்கு எத்தனை காரட் விலை போட்டார்கள், கழிவு எவ்வளவு, புதியதில் சேதாரமும் கூலியும் எவ்வளவு என்பதெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். இரண்டு வியாபாரமாகச் செய்தால் எல்லாம் வெளியே தெரியும்.

வாங்கும்போது

பற்றுச்சீட்டில் நான்கு விடயங்கள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்: நகையின் நிறை, காரட், கல்லின் நிறை, கூலியும் சேதாரமும். கல்லின் நிறையைத் தங்கத்தோடு சேர்த்து நிறுத்தால் கண்ணாடிக்குத் தங்கத்தின் விலை கொடுக்கிறீர்கள். இலங்கையில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை இத்துறைக்குப் பொறுப்பான அரச நிறுவனம். பெரிய தொகைக்கு வாங்குவோர் அங்கே விசாரிக்கலாம். இந்தியாவில் 2021 ஜூன் முதல் கட்டம் கட்டமாக முத்திரை கட்டாயமாக்கப்பட்டு, ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளம் பொறிக்கப்படுகிறது. அங்கிருந்து நகை கொண்டுவருவோர் அதைப் பார்த்து வாங்குவது நல்லது. 

வாங்கியவுடன் அந்தச் சிட்டையை நகையோடு வைக்காமல் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். நகை களவு போனாலும் சிட்டை மிஞ்ச வேண்டும். அடகு வைக்குமுன் மூன்றால் வகுக்கும் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 

கடைசியாக, காவின் எழுதும் பெரியவர்களுக்கும் பெண் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். மஹர் ‘பத்துப் பவுண்’ என்று மட்டும் பதிவதுண்டு. அந்தப் பத்துப் பவுணுக்குள் 24 காரட்டென்றால் 80 கிராம் தங்கம், 22 என்றால் 73.33, 18 என்றால் 60. பிற்காலத்தில் ஒரு பெண் அந்த மஹரைக் கேட்டு நிற்கும் நிலை வந்தால், எழுதாமல் விட்ட காரட்டை யார் சொல்வது? பவுணுக்குப் பக்கத்தில் ‘22 காரட்’ என்று ஓர் எண்ணையும் ஒரு சொல்லையும் சேர்த்து எழுத அரை நிமிடம்கூட ஆகாது. இனி எழுதும் காவின்களில் அதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.